பின்பக்கக் கையெழுத்து

மரியே வாழ்க

ஓசூர்
4.1.2026

அன்புள்ள தம்பி டெல்வினுக்கு,

அக்கா அனிட்டா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் ஃபெபாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி இல்லை. உன் பழைய எண்ணுக்கு அடித்தால் மணியே போவதில்லை. உன் பட்டறையில் லேத் ஓட்டிய செல்வத்திடம் புது எண் இருக்கிறது. கேட்டால், உன்னைக் கேட்காமல் தர மாட்டானாம். புனே பக்கம் சாக்கன் விலாசத்தை மட்டும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தான். அதனால்தான் இந்தக் கடிதம். எப்படியும் இது தாளில் எழுத வேண்டிய விஷயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். 9.2.2023 அன்று உன் மாமாவுக்கு நீ எழுதிக் கொடுத்த மூன்று லட்ச ரூபாய் புரோநோட்டுக்கு வருகிற பிப்ரவரி ஒன்பதோடு மூன்று வருடம் முடிகிறது. அதற்குள் நீ பணத்தைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் கொஞ்சமாவது கட்டி, இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன் என்று நோட்டின் பின்பக்கத்தில் உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் இல்லை என்றால் உன் மாமா கோர்ட்டுக்குப் போக வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் பத்தாம் தேதியிலிருந்து அது வெறும் தாள். அதை வைத்து ஒரு ரூபாய் கேட்க முடியாது.

உன் மாமா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். யேசுராஜ் என்ற மனிதர் கோபத்தில் கத்துகிற ரகம் இல்லை என்பது உனக்கே தெரியும். காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் மூவாயிரம், மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். அசலோடு நான்கு லட்சத்து எட்டாயிரம். அதற்குக் கீழே தங்கக் கணக்கு. அன்றைக்கு அந்த மூன்று லட்சத்தில் ஏழு சவரன் வாங்கியிருக்கலாம், இன்றைக்கு அதே மூன்று லட்சத்துக்கு மூன்று சவரன் வராது. ரூபாய் அதேதான், அதன் பலம்தான் இறங்கிவிட்டது என்றார். பேங்கில் டெபாசிட்டாகக் கிடந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் போட்டிருந்தார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டலில் பிழை இல்லை.

ஆனால் அவருக்கு உறுத்துவது அந்தத் தொகை இல்லை. "மூணு வருஷத்துல ஒரு ரூபா, ஒத்த ரூபா குடுத்திருந்தா நான் வக்கீல் வாசப்படி மிதிச்சிருப்பனா?" என்று கேட்டார். பொம்மசந்திரா கம்பெனி உன் பில்லை நான்கு மாதம், ஐந்து மாதம் என்று இழுத்ததும், வாங்கிய மெஷினைப் பாதி விலைக்கு விற்றதும் எங்களுக்குத் தெரியாதது இல்லை. கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆளே காணாமல் போனதுதான் தப்பு.

நான் வேலை பார்க்கும் இடத்தில் இப்படிப்பட்ட நோட்டுகள் தினசரி சமாசாரம். பில் பணத்தை இழுத்தடிக்கிறவர்களிடம் முதலாளி குருமூர்த்தி சார் நோட்டு எழுதி வாங்கிவிடுவார். அன்றைக்கே அந்தத் தொகையைக் கடனாளிகள் கணக்கிலிருந்து எடுத்து நோட்ஸ் ரிசீவபிள், அதாவது பணம் வரவேண்டிய நோட்டுகள் என்ற கணக்கில் வைப்பேன். பில்லாக இருந்தவரை கெஞ்ச வேண்டிய பணம், நோட்டான பிறகு வட்டியும் தேதியும் உள்ள பணம். மார்ச் 31 வந்தால், கைக்கு வராத வட்டியையும் வருமானம் என்று எழுதுவேன். சொன்ன தேதியில் பணம் வராவிட்டால் அசலையும் வட்டியையும் சேர்த்துத் திரும்பக் கடனாளிகள் பக்கமே தள்ளுவேன். அதன் பிறகு வாரா ஐயக்கடன். பிளஸ் டூ புத்தகத்தில் அந்தப் பெயரை நான் சத்தமாகப் படித்தபோது, கடனைப் பார்த்து எதற்கு அக்கா ஐயோ என்கிறார்கள் என்று நீ கேட்டாய். வருமா வராதா என்ற ஐயம் என்று விளக்கினேன். கடைசியில் வாராக் கடன் என்று எழுதித் தள்ளிவிடுவோம். பத்தொன்பது வருடத்தில் பதினொரு பெயரை அப்படித் தள்ளியிருக்கிறேன். அவர்கள் முகமே எனக்குத் தெரியாது.

உன் பெயரை அப்படி எழுத எனக்கு மனமில்லை. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கார பாப்பம்மா வாடகையில் ஐநூறு ஏற்றிவிட்டார். தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, கன்னடத்தில் சமாதானம் சொல்லி, தமிழில் பணத்தை வாங்கிக்கொண்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கி ராகியை மிதித்துவிட்டதென்று ஆபீசுக்கு வரும் டீக்காரர் நான்கு நாளாக அதையே பேசுகிறார். ஃபெபா ஆறாம் வகுப்பு, கணக்கில் நாற்பத்தேழு. என் பெண் என்று வெளியே சொல்ல முடியவில்லை.

எதையாவது எழுது. இரண்டு வரி போதும்.

உன் அக்கா,
அனிட்டா


மரியே வாழ்க

ஓசூர்
18.1.2026

அன்புள்ள தம்பி டெல்வினுக்கு,

உன் கார்டு புதன்கிழமை கிடைத்தது. இரண்டு வரி போதும் என்றேன், சரியாக இரண்டே வரி எழுதியிருக்கிறாய். "இருபத்தஞ்சாயிரம் குடுத்தனே, ஃபெபா புதுநன்மை அன்னிக்கி. அத எங்க எழுதின?"

உன் மாமா ஷிப்டுக்குப் போன பிறகு பீரோவைத் திறந்தேன். ஃபெபாவின் புதுநன்மை மொய் நோட்டு அடித்தட்டில் வெள்ளைக் கவுனுக்குக் கீழே இருந்தது. முதல் பக்கம், முதல் வரி. 12.5.2024, தாய்மாமன் சீர், டெல்வின், ரூ. 25,000. எழுதியது என் கொழுந்தன் கிங்ஸ்டன். எழுதச் சொன்னது நான்.

இதை எப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சாக்கு இல்லை, நடந்தது இதுதான். அன்றைக்குக் காலையிலிருந்து உன் மாமா வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, மாமன் வரலியா, மாமன் வரலியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபெபா முதல் நற்கருணை வாங்கி, பூசை முடிந்து, போட்டோ முடிந்து, கோயில் ஹாலில் மொய் மேசையும் போட்டாயிற்று. மாமன் சீர் எழுதாமல் மற்றவர்கள் மொய்யை எழுத முடியாமல் கிங்ஸ்டன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ ஆயில் கறைச் சட்டையோடு பக்கவாசல் வழியாக வந்தாய். ஒரு கவரை என் கையில் வைத்து, "அக்கா, இத மாமாகிட்ட குடுத்துடு" என்றாய்.

நீ சொன்னது என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. ஆபீசில் ஒருவர் கவர் நீட்டினால், எந்த பில்லுக்கு, எந்தத் தேதிக்கு என்று கேட்காமல் நான் வாங்க மாட்டேன். ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் கேட்பேன், எனக்குத் திமிர் என்றுகூடச் சொல்வார்கள். அன்றைக்கு உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கவரை நேராகத் தட்டில் வைத்தேன். கிங்ஸ்டன் எண்ணிவிட்டு மைக்கில் இரண்டு தடவை வாசித்தார். தாய்மாமன் டெல்வின், இருபத்தைந்தாயிரம். காலையிலிருந்து கேட்ட வாய்களெல்லாம் மூடின. என் தலை நிமிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

நீ தூண் ஓரமாக நின்று அதைக் கேட்டாய். எட்டு மாத வட்டிக்கு மேலாகவே சேர்த்துக்கொண்டு வந்த பணம், உன் கண் முன்னால் சீராகப் போய்விட்டது. அத்தனை பேர் நடுவில் அது சீர் இல்லை, வட்டி என்று எந்த மாமன் சொல்வான்? பந்தி போடும்போது உன்னைத் தேடினேன், ஆள் இல்லை. லோடு இறக்க ஓடியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் ஃபெபாவுக்குத் தோடு எடுத்தேன். அரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. மாமா போட்ட தோடு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தொகை சரி, தேதி சரி, பெயர் சரி. போய் உட்கார்ந்த கணக்குதான் தப்பு. இதற்கு எங்கள் பாடத்தில் விதிப்பிழை என்று பெயர். இருப்பாய்வு போட்டாலும் தெரியாது, பற்று வரவு இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சமமாகி நிற்கும். யாராவது ஒரு ஆள் வந்து, நான் கொடுத்தது அதற்கில்லை என்று சொன்னால்தான் உண்டு. நீ சொல்ல ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருக்கிறது. குற்றம் சொல்லவில்லை, கேட்க வேண்டியவள் நான்தான்.

இப்போது என் நிலைமையைப் பார். அதை வட்டி என்று எழுதினால், ஃபெபாவுக்கு அவள் மாமன் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிறது. சீர் என்றே விட்டால், மூன்று வருடத்தில் நீ ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்று ஆகிறது. ஒரே பணத்தை இரண்டு இடத்தில் எழுத முடியாது. கொடுத்தவன் எதற்குக் கொடுத்தானோ, அதற்குத்தான் எழுத வேண்டும். அது வட்டிதான்.

என் பணத்தில் இருபத்தைந்தாயிரம் எடுத்து, நீ அனுப்பியதாகச் சொல்லி உன் மாமாவிடம் கொடுத்துவிடலாமா என்றும் நினைத்தேன். சம்பளக் கணக்கில் அவ்வளவு இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதையே யோசித்தேன். ஒரு பொய்க் கணக்கைச் சரிசெய்ய இன்னொரு பொய்க் கணக்கு எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. 31-ம் தேதி வக்கீலிடம் வழக்குக்கான கையெழுத்துப் போட நாள் குறித்திருக்கிறார். அதற்குள் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, டெல்வின். இருபத்தைந்தாயிரத்தை எடுத்து வேறு செலவு செய்துவிட்டாள் என்று அவர் நினைக்க மாட்டார். ஆனால் மூன்று வருடமாக என் எதிரில்தான் அவர் உன்னைத் திட்டாமல் திட்டிக்கொண்டிருந்தார், நானும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை மன்னித்துவிடு.

அக்கா,
அனிட்டா


மரியே வாழ்க

ஓசூர்
27.1.2026

அன்புள்ள தம்பி டெல்வினுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன் கார்டையும் மொய் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆடிட்டர் முன்னால் வவுச்சர் வைப்பது மாதிரிதான் வைத்தேன், அப்படிச் செய்தால்தான் எனக்குப் பேச வரும்.

இரண்டையும் படித்தார். நோட்டு, வட்டி, வக்கீல் எதுவும் கேட்கவில்லை. "அதுக்குத்தான் அன்னிக்கி சாப்புடாம போனானா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்குப் பந்தியில் தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாராம். கடைசிப் பந்தி வரை அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லையாம். கடன் கொடுத்தவன் வீட்டுச் சோறு வேண்டாம் என்று மச்சான் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ரூபாய், ஒரு ரூபாய் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த நாற்காலிதான். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு ஆண்களையும் ஒரே நாளில் அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறேன், அதற்கு மைக் வேறு வைத்து.

அவரே காலண்டர் தாளை எடுத்து, போட்ட கணக்கில் இருபத்தைந்தாயிரத்தைக் கழித்தார். வக்கீலுக்கு போன் செய்து 31-ம் தேதி வரவில்லை என்றார். மே மாதம் கொடுத்ததற்குப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தானால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம், 2027 மே வரை நோட்டுக்கு உயிர் இருக்கும் என்று வக்கீல் சொன்னாராம். ஆனால் ஒரிஜினலில்தான் எழுத வேண்டும். ஜெராக்ஸ் உதவாது.

அங்கேதான் சிக்கல். உனக்கு லீவு கிடைக்காது, உன் மாமாவுக்கும் கிடைக்காது. தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். "ஒரிஜினல எவனாச்சும் கடன்காரன் கைக்கே அனுப்புவானாடி?" என்று சிரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தத் தாளைத் தவிர இந்தக் கடனுக்கு வேறு சாட்சி கிடையாது. குருமூர்த்தி சாரே கேட்டாலும் நான் ஒரிஜினலை ஃபைலிலிருந்து எடுத்ததில்லை, ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுப்பேன். இதில் நான் எவ்வளவு கறார் என்று ஆபீசில் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள்.

இன்றைக்கு அவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், டிவி மேல் ஒரு தபால் உறை இருந்தது. உன் சாக்கன் விலாசம் அவர் கையெழுத்தில், பின்கோடு இரண்டு தடவை அடிக்கோடு போட்டு. உள்ளே ஒன்றுமில்லை. உள்ளே எதை வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தோடு அந்த உறையில் ஒரிஜினலையே வைத்திருக்கிறேன்.

அதன் பின்பக்கம், மேலிருந்து ஆரம்பித்து, உன் கையாலேயே எழுது: 12.5.2024 அன்று இந்த நோட்டின் வட்டியில் ரூ. 25,000 கொடுத்தேன். கீழே கையெழுத்து, எழுதிய தேதி. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். திருப்பி அனுப்ப வேண்டிய உறையும் உள்ளே இருக்கிறது, விலாசம் எழுதி. ஸ்பீட் போஸ்டில் போட்டு, ஏழாம் தேதி சனிக்கிழமைக்குள் இங்கே கிடைத்தால் நல்லது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய முடியாது. உன் மாமாவும் செய்ய முடியாது, வழக்குப் போட அவர் கையில் இப்போது எதுவும் இல்லை. எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, உள்ளதைச் சொல்கிறேன்.

நீ அதைக் கிழித்துப் போட்டாலும் போடலாம். போட்டால் இந்தக் கடனை வாராக் கடன் என்று நானே எழுதித் தள்ளுவேன், பன்னிரண்டாவது பெயர். முகம் தெரிந்த முதல் பெயர்.

மொய் நோட்டையும் திருத்திவிட்டேன். அழிப்பானோ வெள்ளை மையோ போடவில்லை. முதல் வரியில் தொகையின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டு, என் சுருக்கொப்பத்தை வைத்தேன். ஃபெபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ இது யாரு போட்ட தோடு?" என்று காதைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கணக்குப்படி அப்பா போட்டது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் சொன்னதை எப்படி மாற்றிச் சொல்வது என்று அவளுக்குக் கவலை. அப்படியென்றால் மாமா ஒன்றுமே போடவில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். கோடு போட்ட இடத்துக்குக் கீழே நான் ஒரு வரி எழுதிக் காட்டினேன். தாய்மாமன் சீர், டெல்வின், வரவேண்டியது. தொகை எழுதவில்லை. தேதியும் எழுதவில்லை. இதற்கு வட்டி கிடையாது, மூன்று வருடக் கணக்கும் கிடையாது என்று சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்தது. ஆனால் தோட்டைக் கழற்றவில்லை.

பூந்தோட்டக்காரர்கள் பிப்ரவரி ரோஜாவுக்குத் தயாராகிவிட்டார்கள். பாகலூர் ரோட்டில் காலையில் நடக்க இடமில்லை, பெட்டியும் வண்டியுமாக நிற்கிறது. உனக்கு அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடுகிறாயா என்று தெரியவில்லை. புது எண்ணைத் தர வேண்டாம், உனக்குத் தோன்றும்போது தா.

ஏப்ரல் ஐந்து ஈஸ்டர். நோட்டு திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சீர் கொண்டுவந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி. உன் மாமா பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டிருக்கும். வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

மாதா உனக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உன் அக்கா,
அனிட்டா